பிஸ்கட்டில் தொலைந்த 'கிலோ'

உணவின் கலோரி பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கும் வெப்பமே ஒரு கலோரி என்று சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியிலேயே 'ஒரு சின்ன பாக்கெட் பிஸ்கட்டில் 210 கலோரி' என்கிறது கட்டுரை. இரண்டையும் நம்பி ஒரு மாணவன் கணக்குப் போட்டால், 30 டிகிரியில் இருக்கும் 3 மில்லிலிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதோடு அந்த பிஸ்கட் தீர்ந்துவிடும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை! உண்மையில் அது 3 லிட்டருக்குப் போதும். உறையைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் 'கிலோ கலோரி' என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். பேச்சுவழக்கில் 'கிலோ' உதிர்ந்துபோய் ஆயிரம் மடங்கு குழப்பம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உணவில் அவ்வளவு வெப்பம் இருப்பதைப் பள்ளியிலேயே பார்த்திருக்கிறோம். ஒரு நிலக்கடலையை ஊசியில் குத்திக் கொளுத்தி, சோதனைக்குழாய் நீருக்கு அடியில் பிடித்தோம். கடலை கருகி எண்ணெய் சொட்டச் சொட்ட எரிந்தது. குழாயைத் தொட முடியவில்லை. அத்தனை சூடு ஒரே ஒரு கடலையில்!

இன்னொன்று. உணவை எரித்து அளந்த கலோரி அளவையே உறையில் போடுவதாகக் கட்டுரையில் எழுதியிருப்பது பாதி உண்மை. உணவை எரித்து வெப்பத்தை அளக்கும் கருவியான கலோரிமீட்டருக்குள் புரதம் முழுதாக எரியும். உடலிலோ அதன் ஆற்றலில் ஒரு பங்கு யூரியாவாகச் சிறுநீரில் போய்விடும். இப்படிப்பட்ட இழப்புகளைக் கழித்துத்தான் அமெரிக்க வேதியியலாளர் அட்வாட்டர், கிராமுக்குப் புரதம் 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9 கிலோ கலோரி என்று வகுத்தார். பெரும்பாலான உறைகளில் இருப்பது இந்தப் பெருக்கல் கணக்குதான்.