கள்ள டிவிக்குப் போட்ட பூட்டு

ஞாயிறு ராத்திரி மேட்ச் நேரத்தில், கள்ள டிவியை அடைக்கிறேன் என்று கோர்ட்டு உத்தரவைக் காட்டி நம்ம இணையப் பக்கத்தையும் சேர்த்து முடக்கிவிட்டார்கள், ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தேன். அதற்குக் கீழே வந்த கமெண்ட்டுகளைப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு கட்டாமல் இன்டர்நெட் வழியாகச் சேனல் ஓட்டும் திருட்டு ஐபிடிவியை முடக்குவது தப்பே இல்லை. கோடி கொட்டி ஒளிபரப்பு உரிமை வாங்கியவன் கோர்ட்டுக்குப் போகத்தான் செய்வான். திருடன் வீட்டுக்குப் பூட்டுப் போடட்டும். தெருவுக்கே ஏன் போடுகிறார்கள்?

நான் நடத்துவது பாம்பன் தெற்குவாடியில் வல்லம் என்கிற சிறு படகில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கான ஒரு சின்னப் பக்கம். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை அறிவிப்பையும் காற்றையும் எங்கள் பேச்சில் எழுதிப் போடுவேன். தென்மேற்குத் திசை என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கச்சான் என்றால் வலையை எடுத்து வைத்துவிடுவார்கள். சர்வருக்கு வருஷம் 2,000 ரூபாய் வாடகை. அதே சர்வரில், அதே எண் முகவரியில் (ஐபி அட்ரஸ்), எவனோ கள்ள டிவி பாக்ஸுக்குச் சேனல் ஓட்டியிருக்கிறான். அவனை அடைத்தபோது நானும் சேர்ந்து அடைபட்டேன். சர்வர்காரர் சொன்ன விளக்கம் இது.

சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, ஒருவர் போன் பண்ணினார். "தம்பி, உன் பக்கத்தைத் தொறந்தா கோர்ட்டு உத்தரவுன்னு வருது. என்னப்பா பண்ணி வச்சிருக்கே?" அவர் குரலில் இருந்த சந்தேகம் இருக்கிறதே, அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. அன்றைக்குப் போட வேண்டியிருந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை. காற்றே இல்லாமல் திடீரென்று கரையேறும் அலைக்கு அப்படித்தான் பெயர். கள்ள டிவியைப் பிடிக்கப்போய் கள்ளக்கடலை மறைத்துவிட்டார்கள்!

"எப்போதோ ஒருமுறை நடப்பதுதானே" என்கிறார் ஒரு அண்ணன். அப்படியா? 2012இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவைக் காட்டி விமியோ, டெய்லிமோஷன் போன்ற வீடியோ தளங்களையே மொத்தமாக அடைத்தார்கள். படம் கிடக்கும் முகவரியை மட்டும் அடைத்தால் போதும் என்று அந்த ஜூனில் கோர்ட்டே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. ஸ்பெயினில் 2025 பிப்ரவரியிலிருந்து கால்பந்து நாள்களில் திருட்டு ஒளிபரப்பை அடைக்கப்போய் சம்பந்தமே இல்லாத கடைக்காரர்களின் தளங்களும் சேர்ந்து படுத்துவிடுகின்றன. இத்தாலியில் 2024 அக்டோபரில் இதே காரணத்தைச் சொல்லிக் கூகுள் டிரைவையே முடக்கினார்கள். எப்போதோ ஒருமுறையாம்!

"ஒன்றை அடைத்தால் பத்து முளைக்கிறதே, கோர்ட்டு என்ன செய்யும்?" நியாயமான கேள்வி. அதற்காகத்தான் 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம், புதிதாக முளைக்கும் நகல் தளங்களையும் அதே உத்தரவில் சேர்த்துக்கொள்ள வழி விட்டது. சரி, வேகம் வேண்டும். அடைப்பதில் இருக்கிற அந்த வேகம், தவறாக அடைத்ததைத் திறப்பதில் எங்கே போச்சு? நான் யாரிடம் மனுக் கொடுப்பது? ஒரு மெயில் முகவரி உண்டா?

"உங்க ஊரே கள்ளத்தோணி ஊர்தானே, கள்ள டிவிக்கு என்ன அதிசயம்" என்று எழுதிய நண்பருக்கு மட்டும் தனியாக ஒரு பதில். ஆமாம் ஐயா, நாங்கள் அடுத்த நாட்டு டிவி பார்த்து வளர்ந்தவர்கள்தான். தென்னையில் இரும்புக் குழாய் கட்டி, அதன் உச்சியில் ஆன்டெனா. அப்பா மேலே, நான் டிவி முன்னால், அம்மா வாசலில் நின்று சேதி கடத்துவாள். "வருதா?" "கொஞ்சம் கிழக்கே திருப்பச் சொல்லு!" புள்ளிப் புள்ளியாக இலங்கையின் ரூபவாகினி வரும். ஒரு வருஷத்தில் உப்புக்காற்று குழாயைத் தின்றுவிடும், மறுபடி புதுக்குழாய். அது இலவச ஒளிபரப்பு, இது வேறு என்பீர்கள். வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடல் தாண்டி வந்ததைப் பார்த்தவன் எல்லாம் திருடன் என்றால் எங்கள் வீட்டுத் தென்னைதான் முதல் குற்றவாளி.

இன்னொன்று. போன தீபாவளிக்கு "1,500 ரூபாய்க்கு எல்லாச் சேனலும் வருதாமே, எந்த பாக்ஸ் நல்லாருக்கும்?" என்று இன்பாக்ஸில் என்னிடம் கேட்டது யார் என்று அந்த நண்பருக்கே ஞாபகம் இருக்கும். பெயர் சொல்ல மாட்டேன். அந்த மெசேஜை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இன்று காலை பத்தேமுக்காலுக்குப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. யார் அடைத்தார், யார் திறந்தார், ஒரு வரித் தகவல் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் சனிக்கிழமைக் காற்றுதான் அப்படியே கிடந்தது.