போலீஸ் கேஸில் வாய் மூடலாம், சிவில் கேஸில் மூடினால் போச்சு

சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். கேஸ் முடிந்து பணமும் கொடுத்தாகிவிட்டது.

2017இல் பாம்பன் தெற்குவாடிக்குப் பக்கத்தில் நடந்தது. விடிவதற்கு முன்னால் சித்தப்பா நாட்டுப்படகை ஓட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு வத்தை, சின்னப் படகு. அதில் விளக்கு இல்லை. மோதி, வத்தை பிளந்து, அதில் இருந்த பெரியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்ததே சித்தப்பாவின் படகில் இருந்தவர்கள்தான்.

படகை அஜாக்கிரதையாக ஓட்டியதாக போலீஸ் கேஸ் ஆனது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதற்கு 280ஆம் பிரிவு. சில மாதம் கழித்து அந்தப் பெரியவர் வத்தைக்கும் வலைக்கும் வைத்தியச் செலவுக்கும் சேர்த்து நாலு லட்சம் நஷ்டஈடு கேட்டு சிவில் கேஸும் போட்டார். அவர் போட்டதில் தப்பே இல்லை. ஆறு மாதம் கடலுக்குப் போக முடியாத மனிதர் வேறென்ன செய்வார்?

அப்போது ஊரில் விவரம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பிய ஒருவர் சித்தப்பாவிடம் சொன்னார்: "கோர்ட்டுல வாயே திறக்காத. பேசாம இருக்கிறது உன் உரிமை. சட்டமே சொல்லுது." சித்தப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார், இரண்டு கேஸுக்கும்.

போலீஸ் கேஸைப் பொறுத்தவரை அந்த யோசனை சரி. குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20(3) சொல்கிறது. அது கோர்ட்டுக் கூண்டில் ஏறிய பிறகு வரும் உரிமை மட்டும் இல்லை. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில், 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, போலீஸ் விசாரணையிலேயே அந்த உரிமை தொடங்கிவிடுகிறது என்றது. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. விசாரணையில் அவர்கள் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. வெள்ளைத் தாளை நீட்டினால் நம் ஆட்கள் போட்டுவிட்டு வருகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். கைரேகை, கையெழுத்து மாதிரி கேட்டால் மட்டும் இந்த உரிமையைச் சொல்லி மறுக்க முடியாது. 11 நீதிபதிகள் அமர்ந்து 1961இலேயே அதை முடிவு செய்துவிட்டார்கள்.

கோர்ட்டு விசாரணையின் கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேள்வி கேட்பார். பதில் சொல்லாததற்காகத் தண்டனை கிடையாது. கூண்டேறிச் சாட்சி சொல்லவில்லை என்பதை வைத்து அரசு வக்கீல் ஒரு வார்த்தை பேசக்கூடக் கூடாது. குற்றத்தை நிரூபிப்பது முழுக்க அவர்கள் பாடு. சித்தப்பா கேஸில் சுக்கானைப் பிடித்திருந்தது யார் என்று இருட்டில் தெரியவில்லை என்று சாட்சிகள் சொல்லிவிட்டார்கள். விடுதலை. அன்றைக்கு ஓலைக்குடா வரைக்கும் போய் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

சிவில் கேஸ் சம்மன் அப்போது எங்கே இருந்தது தெரியுமா? படகுப் பதிவுத் தாளோடும் டீசல் மானியப் புத்தகத்தோடும் ஒரு பாலித்தீன் பையில், நாலாக மடித்து, டிரங்குப் பெட்டியின் அடியில். விடுதலை ஆனதும் அதுவும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். முடியவில்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவிலில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். அங்கே விடுதலை ஆனவர் இங்கே பணம் கட்ட வேண்டி வரலாம்.

சிவில் கோர்ட்டில் 'மௌனம் சம்மதம்' என்பது வெறும் பழமொழி இல்லை, சட்டமே அதுதான். சம்மன் கிடைத்த 30 நாளில் எதிருரை, அதாவது நம் தரப்புப் பதிலை எழுத்தில் போட வேண்டும். நீதிபதி அவகாசம் கொடுத்தால் 90 நாள். வழக்குப் போட்டவர் கொடுத்த பிராதில் உள்ள ஒரு விஷயத்தைக் குறிப்பாக மறுக்காவிட்டால் அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். மறுத்து எழுதிவிட்டு கூண்டேறாமல் இருந்தாலும், உண்மை அவருக்குப் பாதகமாக இருப்பதால்தான் வரவில்லை என்று நீதிபதி ஊகிக்கலாம். உச்ச நீதிமன்றம் 1999இல் வித்யாதர் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சித்தப்பா அந்தப் பக்கமே போகாததால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே ஒருதலையாக, கேட்ட நாலு லட்சமும் வட்டியோடு தீர்ப்பாகிவிட்டது. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். படகை ஜப்தி செய்யப் போகிறோம் என்று நோட்டீஸ் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் விஷயமே தெரியும்.

இந்த வித்தியாசம் நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். போலீஸ் கேஸில் எதிரே நிற்பது அரசாங்கம். ஸ்டேஷன், லாக்கப், வக்கீல் எல்லாம் அதன் கையில். அங்கே தனி ஆளுக்கு வாயை மூடிக்கொள்ளும் உரிமையாவது வேண்டும். சிவிலில் எதிரே நின்றது கை தூக்க முடியாத ஒரு வத்தைக்காரர். என் சித்தப்பா பேசாமல் இருந்தால் நஷ்டம் அந்த வத்தைக்காரர் தலையில் விழும். அது எப்படிச் சரியாகும்?

ஆனால் இரண்டு கேஸும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் மேல் நடக்கும்போது என்ன செய்வது? சித்தப்பா பயந்தது முட்டாள்தனத்தால் இல்லை. இத்தனை வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்: இரண்டு நாள் தூக்கம் இல்லாமல் அன்றைக்கு ஒரு நிமிஷம் கண் அசந்துவிட்டதாம். வத்தையில் விளக்கு இல்லை என்று சிவிலில் சொன்னால் நஷ்டஈடு குறைந்திருக்கலாம். சொன்னால், "நீ முழிச்சுத்தான் இருந்தியா?" என்பது அடுத்த கேள்வி. அந்தப் பதிலை அப்படியே போலீஸ் கேஸுக்கு எடுத்துப் போனால்?

இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. சிவில் கேஸிலும் சாட்சி பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் கட்டாயத்தின்பேரில் சொன்ன பதிலைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 132ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 137. நாமே எதிருரையில் எழுதிக் கொடுப்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்குத்தான் இன்னொரு வழி: போலீஸ் கேஸ் முடியும்வரை சிவில் கேஸை நிறுத்திவைக்கக் கேட்பது. அன்றைய சென்னை ராஜ்யத்திலிருந்து போன எம்.எஸ். ஷெரீப் வழக்கில், 1954இல் உச்ச நீதிமன்றம், இரண்டும் சேர்ந்து நடந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வரும் சங்கடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி சிவில் வழக்குகளை நிறுத்திவைத்தது. எல்லா கேஸிலும் இது தானாகக் கிடைக்காது, மனு போட்டுக் கேட்க வேண்டும். கேட்டிருந்தால், விடுதலைக்குப் பிறகு சித்தப்பா பயமில்லாமல் எல்லாவற்றையும் பேசியிருக்கலாம். விடுதலை ஆன குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாதே. பேச வேண்டிய நேரத்தில்தான் மனுஷன் பேசாமல் இருந்திருக்கிறார்.

நம் கடற்கரைக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே கேள்வி கேட்பது போலீஸ் மட்டும் இல்லை. பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டை என்றால் வனத்துறை, கடத்தல் தங்கம் என்றால் சுங்கத்துறை. சுங்கத்துறை அதிகாரி சட்டப்படி போலீஸ் அதிகாரி இல்லை. சுங்கச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் அவரிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாக நிற்கும். போதைப்பொருள் வழக்கில் அப்படி நிற்காது என்று 2020இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டு வழக்கு அது. யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து உரிமை மாறுகிறது, இதை மண்டபத்திலோ தொண்டியிலோ எத்தனை பேருக்குத் தெரியும்? சம்மனில் எழுதியிருக்கிறதே என்பார்கள். அந்தத் தமிழை நானே மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகும் என்பதைப் பெரிய எழுத்தில், பேசுகிற தமிழில் முதல் வரியிலேயே போட என்ன தடை? இலவச சட்ட உதவி மையம் ராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது என்பதை இரண்டாவது வரியில் போடலாமே.

கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் பேசி, தொகையைக் குறைத்துத் தவணையில் கட்டினோம். இன்னொரு இன்ஜின் வாங்கச் சேர்த்த பணம் அது. அன்றைக்கு வெளியே வேப்பமரத்தடியில் சித்தப்பா அந்தப் பெரியவரிடம் போய், "அண்ணே, அன்னைக்கு எனக்குக் கண் அசந்துடுச்சு" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "விளக்குல எண்ணெய் இல்ல தம்பி, நானும்தான் சொல்லல" என்றார்.