வேர்வை வேறு, கொழுப்பு வேறு அண்ணாச்சி

"ஏசி ஜிம்மில் சேராதீர்கள், வேர்க்காது, வேர்க்காவிட்டால் கொழுப்பு கரையாது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணாச்சி. அது சரியில்லை. உடம்பு தன் சூட்டைத் தணிக்க வெளியே விடும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான் வேர்வை. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சும்மா நின்றாலே சட்டை நனைகிறதே, அதில் யாருக்குத் தொப்பை குறைந்தது? பயிற்சி முடிந்ததும் எடை குறைந்து காட்டும். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

10 கிலோ கொழுப்பு எரிந்தால் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராக. அதற்காகச் சும்மா உட்கார்ந்து மூச்சு வாங்கினால் இளைத்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்!

காற்றோட்டம் இருந்தால் ஏசி இல்லாத ஜிம்மும் நல்லதுதான். ஆனால் சேருமுன், நீங்கள் போகப்போகிற அதே நேரத்தில் ஒருநாள் போய்ப் பாருங்கள். சாயங்காலம் 7 மணிக்குக் கருவிக்கு வரிசை நிற்கிறதா, சொல்லித்தருபவர் புது ஆளைக் கவனிக்கிறாரா என்பது தெரிந்துவிடும். அப்புறம் தூரம். பெருமாள்புரத்தில் இருந்துகொண்டு தச்சநல்லூரில் வருஷத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியவன் நான். முதல் மாதத்தோடு சரி.