அது கஞ்சத்தனம் இல்லைங்க

அந்த ஜெம்ஸ் பாக்கெட் வீடியோவைத்தான் சொல்கிறேன். நேற்று முழுக்க எல்லார் டைம்லைனிலும் அதுதான். மாமா கை நீட்டுகிறார், மூணு வயசுப் பாப்பா பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறது. "கஞ்சப்பிசினாறி, இப்பவே இப்படியா!" என்று ஒரு குரல். எல்லாரும் சிரிக்கிறார்கள். பாப்பாவின் கீழுதடு பிதுங்குகிறது. அந்த நேரம் பார்த்து கேமரா இன்னும் கிட்டே போகிறது பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூணு வயசில் தராதது கஞ்சத்தனம் இல்லை என்று ஒரு வரி கமெண்ட் போட்டேன். "வந்துட்டாரு வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரரு" என்று பதில். சரி, அப்படியே இருக்கட்டும். ஆராய்ச்சியையே பேசுவோம்.

கையில் இருப்பதைப் பங்கு வைக்க மூன்று வேலை தெரியணும். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று அவர் இடத்தில் நின்று பார்க்கணும். எண்ணிப் பிரிக்கணும். கைக்கு வந்ததை விடணும். இந்த மூன்றாவதுதான் ரொம்பத் தாமதமாக வரும்.

1997-இல் ரெப்பகோலி, கோப்னிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் குழந்தைகள் முன்னால் இரண்டு கிண்ணம் வைத்தார்கள். ஒன்றில் பச்சை புரோக்கோலி, ஒன்றில் பிஸ்கட். எதிரில் இருந்தவர் பிஸ்கட்டைத் தின்று முகம் சுளித்தார், புரோக்கோலியைத் தின்று சப்புக்கொட்டினார். பிறகு கை நீட்டினார். 14 மாதக் குழந்தைகள் பிஸ்கட்டையே கொடுத்தன. தனக்குப் பிடித்தது ஊருக்கே பிடிக்கும் என்ற கணக்கு. 18 மாதக் குழந்தைகள் புரோக்கோலியைக் கொடுத்தன. அடுத்தவர் ஆசை வேறு என்பது ஒன்றரை வயசிலேயே எட்டிப்பார்த்துவிடுகிறது. ஆனால் அங்கே கொடுப்பதில் குழந்தைக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் வந்தால் கதையே வேறு.

எர்ன்ஸ்ட் ஃபெர் என்ற பொருளாதார ஆய்வாளரின் குழு சுவிட்சர்லாந்தில் 3 முதல் 8 வயது வரை 229 பிள்ளைகளிடம் சோதித்தது. 2008-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்தது. இரண்டு மிட்டாயும் உனக்கே, இல்லையென்றால் ஆளுக்கொன்று. 3–4 வயதில் ஆளுக்கொன்று என்றவர்கள் 8.7 சதவீதம். 7–8 வயதில் 45. அந்த 3–4 வயதில் நூற்றுக்கு மீதி தொண்ணூற்றொரு பேரையும் நிற்கவைத்து வீடியோ எடுப்போமா?

"தப்புன்னு தெரியாமலா ஒளிச்சு வைக்குது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியும்ங்க, நல்லாவே தெரியும். ஸ்மித், பிளேக், ஹாரிஸ் மூவரும் 2013-இல் இதைத்தான் பார்த்தார்கள். பிள்ளை கையில் நாலு ஸ்டிக்கர். எவ்வளவு கொடுக்கணும் என்றால் சின்னதுகள்கூடப் பாதி என்றன. நீ எவ்வளவு கொடுப்பே என்றால், எனக்குத்தான் அதிகம் வச்சுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்னபடியே செய்தன! ஏழெட்டு வயசில்தான் சொல்லும் செயலும் சேர்ந்தன. இவ்வளவு நேர்மையாக நம்மில் யார் இருக்கிறோம்?

"புரிஞ்சாலும் தர மாட்டானே எங்க பையன்" என்பது நியாயமான கேள்வி. அடுத்தவர் மனசை நன்றாகப் படிக்கிற பிள்ளை குறைவாகவே பகிர்ந்ததாகக்கூட 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. என் பேச்சுக்குக் கொஞ்சம் இடிக்கும்தான். அதனால் மூணு வயசைத் திட்டலாம் என்று ஆகிவிடாது. "அந்தக் காலத்துல நாங்கல்லாம்..." என்று ஆரம்பிப்பவர்களுக்குப் பதில் இல்லை.

பழக்கவே வேண்டாமா என்றால், தாராளமாகப் பழக்குங்கள். முதலில் இரண்டு பிள்ளைகளையும் சேர்ந்து ஒரு வேலை செய்யவையுங்கள். 2011-இல் ஹாமன், டொமசெல்லோ குழுவின் சோதனையில் இருவரும் சேர்ந்து கயிறு இழுத்துக் கோலிக்குண்டு எடுத்தபோது, மூணு கிடைத்த பிள்ளை ஒன்று கிடைத்த பிள்ளைக்கு ஒன்றைத் தந்தது. மூணு வயசிலேயே! சும்மா கிடைத்த குண்டு என்றால் அவ்வளவாகத் தரவில்லை. நாலு ஸ்டிக்கர் என்றால் சரி, பெரிய குவியலைக் காட்டிப் "பாதி குடு" என்றால் அந்த வயசுக்கு எண்ணிப் பிரிக்க வராது. "எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு" என்று பிள்ளையே எடுத்து வைக்கட்டும். "நீயே வச்சுக்கறியா, குடுக்கறியா?" என்று நிஜமாகவே கேளுங்கள். வச்சுக்கறேன் என்றால் விட்டுவிடணும். செர்னியாக், குஷ்னிர் 2013-இல் காட்டியது இதுதான்: தனக்கா, சோகமாக இருக்கிற பொம்மைக்கா என்று தானே தீர்மானித்துக் கொடுத்த பிள்ளைகள், கொடு என்று சொல்லப்பட்ட பிள்ளைகளைவிட அடுத்த முறை அதிகம் கொடுத்தன. விரலைப் பிரித்துப் பிடுங்கினால் கொடுத்தது நீங்கள், பிள்ளை இல்லை.

நம் வீட்டு விளையாட்டு ஒன்று உண்டு. "மாமாவுக்கு ஒண்ணு குடு" என்று வாங்கி, வாயருகே கொண்டுபோய் "அம்ம்" என்று சத்தம் போட்டுத் திருப்பிக் கொடுப்பது. கொடுத்தது திரும்பி வரும் என்று பிள்ளை நம்பிவிடுகிறது. ஒருநாள் யாரோ நிஜமாகவே தின்றுவிட்டால் வீடே அதிர அழுகை. அதையும் படம் பிடிப்போம்.

இன்னொன்று. 2015-இல் ஏழு நாடுகளில், இந்தியா உட்பட, பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்காரவைத்துத் தின்பண்டத்தைப் பிரித்து வைத்தார்கள். ஒரு பிள்ளை இந்தப் பங்கு சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லணும், வேண்டாம் என்றால் இருவருக்குமே இல்லை. தனக்குக் குறைந்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் வேண்டாம் என்றது. தனக்கு அதிகம் வந்தால் வேண்டாம் என்றது அமெரிக்கா, கனடா, உகாண்டாவில்தான், அதுவும் வளர்ந்த பிள்ளைகள். அந்த மூன்றில் நாம் இல்லை. ஆனால் மூணு வயசு பாப்பாவிடம் வள்ளல்தனம் வேண்டுமாம்.

"பொம்பளப் புள்ள, இப்பவே குடுத்துப் பழகணும்" என்று ஒரு கமெண்ட், அதற்கு அறுநூறு லைக். அதைப் படித்த பிறகு வீடியோவை மறுபடி பார்த்தேன். பாப்பாவுக்கு இடதுபக்கம் அண்ணன்காரன் உட்கார்ந்திருக்கிறான், ஆறேழு வயசிருக்கும். அவன் மடியிலும் அதே ஜெம்ஸ் பாக்கெட். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கிறான். வீடியோ முடியும்வரை அவன் பக்கம் ஒரு கைகூட நீளவில்லை.