தலை எண்ணும் லைசென்ஸ்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த் கோயிலுக்குத் தைப்பூசக் காவடிப் பதிவை இணையத்தில் வைக்கலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பதிவுகளைச் சேமிக்க, காசு கொடுத்து வாங்கும் டேட்டாபேஸ் ஒன்றைப் பார்த்தேன். அதோடு பேசப்போவது ஒரே வெப் சர்வர், ஒரே லாகின். அப்போ ஒரு லைசென்ஸ் போதும்தானே? போதாதாம்! நடுவில் சர்வர் நின்றாலும், பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஆளையும் எண்ணணுமாம். இதற்கு ‘மல்டிபிளெக்சிங்’ என்று பெயர் வேறு. காவடி எடுக்கிறவர், பால்குடம் எடுக்கிறவர், டர்பன் முழுக்க இருக்கும் அவர்கள் சித்தி, பெரியம்மா... யார் எண்ணுவது? முடியாவிட்டால் சர்வரின் பிராசஸரில் எத்தனை கோர் (கணக்குப் போடும் பகுதி) இருக்கிறதோ, அந்தக் கணக்கில் வாங்கு என்கிறார்கள் விற்கிறவர்கள். அதை ராண்டில் மாற்றிப் பார்த்தேன், அன்னதானத்துக்கே அரிசி பருப்பு வாங்கிவிடலாம்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று இன்னொரு டேட்டாபேஸ் இருக்கிறது; அது தலையையும் எண்ணாது, கோரையும் எண்ணாது, காசும் கேட்காது. கமிட்டி மாமாதான் கேட்கிறார்: “சும்மா கிடைக்கிறது நல்லா இருக்குமா தம்பி?” அன்னதானத்தில் மட்டும் ரெண்டாம் பந்தியிலும் உட்காருவார்.