அக்காவிடம் வாங்கிய கையெழுத்து

பொங்கலுக்கு மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். கரிநாள் அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, இரும்புப் பெட்டியில் கிடந்த பத்திரங்களையெல்லாம் மேஜையில் பரப்பி, ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். அதற்குள் உயில் எழுதி வைத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பு. வீடு பையனுக்கு. நகை மகளுக்கு. அவள் கல்யாணச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை. நியாயமாகத்தான் பிரித்திருக்கிறோம் என்று எனக்கே ஒரு திருப்தி.

மகள் வந்து உட்கார்ந்து ஒரு பத்திரத்தை எடுத்துப் புரட்டினாள்.

"விடுதலைப் பத்திரம்னு போட்டிருக்கே, யாருக்குப்பா விடுதலை?"

சிரித்துவிட்டு விளக்கினேன். தாத்தா சொத்தில் அத்தைகள் இரண்டு பேரும் தங்கள் பங்கு வேண்டாம் என்று எனக்கும் சித்தப்பாவுக்கும் எழுதிக் கொடுத்தது. 2010இல் போட்டது.

"அவங்க வேண்டாம்னு சொன்னாங்களா, நீங்க வேண்டாம்னு சொல்ல வச்சீங்களா?"

சும்மா கேட்டதுபோலத்தான் கேட்டாள். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, காபி போட எழுந்து போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்பா 2009இல் தவறினார். அம்மா அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே போய்விட்டாள். அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் அறுபது செண்ட் நஞ்சை, ஊரில் ஒரு ஓட்டு வீடு. உயில் கிடையாது. பிள்ளைகள் நாலு பேர்: அக்கா, நான், தம்பி, தங்கச்சி. சட்டப்படி ஆளுக்கு நாற்பது செண்ட். இதைச் சொல்ல வக்கீல் வேண்டாம், மூன்றாம் வகுப்பு வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும். ஆனால் அந்தக் கணக்கை எங்கள் வீட்டில் யாரும் போடவே இல்லை. ஆளுக்கு எண்பது செண்ட் என்று நானும் தம்பியும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்தோம். வகுத்தது இரண்டால்தான்.

அப்புறம் வாரிசு சான்றிதழ் வாங்கினோம். அதில் நாலு பேர் பெயரும் வரிசையாக நின்றது. பத்திர எழுத்தர்தான் சொன்னார், "அக்கா தங்கச்சி ரெண்டு பேருகிட்டயும் ஒரு ரிலீஸ் போட்டு வாங்கிருங்க, பின்னால வில்லங்கம் வராது" என்று. நான் அத்தானுக்குப் போன் போட்டேன். கவனியுங்கள், அக்காவுக்கு இல்லை, அத்தானுக்கு. "பட்டா மாத்தணும் அத்தான், அக்கா வந்து ஒரு கையெழுத்துப் போடணும்" என்றேன். பட்டா மாற்றுவது நிஜம்தான். ஆனால் எதற்காக மாற்றுகிறோம் என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா தென்காசியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். எழுத்தர் பத்திரத்தை நீட்டினார். அக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு. பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதி, கடைசியில் புள்ளியை அழுத்தி வைப்பாள். "எங்கன போடணும் தம்பி?" என்றாள். ஒவ்வொரு பக்கமாக நான்தான் விரலை வைத்துக் காட்டினேன். பெருவிரல் ரேகை எடுத்ததும் மையைத் துடைக்க ஒன்றும் இல்லாமல், வேப்பமரத்துப் பட்டையில் விரலைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். சேலையில் பட்டுவிடக் கூடாதாம். அது அன்றைக்குக் காலையில் நான் எடுத்துக் கொடுத்த சேலை.

அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று இந்தப் பொங்கலுக்குத்தான் நானே முழுசாக வாசித்தேன். தங்கள் மேல் எனக்குள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு, பிரதிபிரயோஜனம் எதுவும் பெறாமல், மனப்பூர்வமாகச் சம்மதித்து. எல்லா விடுதலைப் பத்திரத்திலும் வருகிற வாசகம்தான். அன்று அதை யாரும் அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

முடிந்ததும் ஓட்டலில் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வரும்போது அக்கா என்னிடம் தனியாக ஒன்று கேட்டாள். "வருஷம் ஒரு மூட்ட அரிசி மட்டும் நம்ம வயல்ல வெளஞ்சதா அனுப்பிரு. கடை அரிசியில அந்த ருசி இல்ல." அம்பை 16 என்று எங்கள் ஊர்ப் பண்ணையிலேயே உருவான ரகம், குண்டு அரிசி. "அதுக்கென்னக்கா" என்றேன். மூன்று வருஷம் பிசான அறுவடை முடிந்ததும் அனுப்பினேன். நாலாம் வருஷம் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன், அதோடு அது நின்றது. 2017இல் விற்றேன். அந்தப் பணத்தில்தான் பாளையங்கோட்டையில் இந்த வீட்டின் மாடி எழும்பியது. எண்பது செண்டில் நாற்பது என்னுடையது. மீதி நாற்பது யாருடையது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். மாடியில் பாதி அக்கா தங்கச்சியுடையது என்றே வைத்துக்கொள்ளலாம்.

"அதான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே!" இதுதானே நம் எல்லார் வீட்டிலும் வாய்ப்பாடு? நானும் அன்று ராத்திரி மனசுக்குள் இதைத்தான் சொல்லிப் பார்த்தேன். சரி, கணக்குப் பார்ப்போம். அக்காவுக்கு 1987இல் கல்யாணம். பதினைந்து பவுன். அப்போது பவுன் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. ஆக நகைக்கு முப்பதாயிரம் சொச்சம். அந்த நகை அக்கா கழுத்தில் எத்தனை நாள் இருந்தது? அத்தானின் பலசரக்குக் கடைக்கு முதல் போட ஆறு பவுன் போயிற்று. கடை நொடித்தபோது மீதி அடகுக்குப் போனது. கடைசியில் மிஞ்சியது தாலிக்கொடியும் ஒரு ஜோடிக் கம்மலும். அப்பா போட்ட நகை மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டது. மகளுக்குக் கொடுத்தது என்று பெயர் மட்டும் எழுதிக்கொண்டோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. சட்டம் தடுத்த ஒன்றைக் கொடுத்துவிட்டு, சட்டம் கொடுத்த ஒன்றுக்கு அதை ஈடாகக் காட்டுகிறோம். நல்ல சாமர்த்தியம்.

இன்னொன்று. என்னை அப்பா காலேஜுக்கு அனுப்பினார். மூன்று வருஷம் ஹாஸ்டல். தம்பிக்கு வொர்க்‌ஷாப் வைக்க வயலின் பேரில் கடன் வாங்கிக் கொடுத்தார். எங்கள் கல்யாணத்துக்கும் அப்பாதான் செலவு செய்தார். பங்கு பிரிக்கும்போது "உனக்குப் படிப்புச் செலவு ஆச்சு, அதைக் கழிச்சுக்கோ" என்று யாராவது சொன்னார்களா? ஆம்பளைப் பிள்ளைக்குச் செய்தால் அது கடமை, பொம்பளைப் பிள்ளைக்குச் செய்தால் அது பற்று. எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் அக்கா பக்கம் மட்டும்தான் பற்று எழுதியிருக்கிறது.

சட்டக் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் இன்னமும் பழைய காலத்திலேயே நிற்கிறார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கலைஞர் ஆட்சியில் 1989இல்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பிறப்புரிமை என்று சட்டம் வந்தது. அறுபது வருஷம். அதிலும் ஒரு கொக்கி: 25.3.1989க்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிக்குக் கல்யாணம் 1993இல், அவளுக்கு உண்டு. அக்காவுக்கு 1987, அவளுக்கு இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். அப்பா இரண்டு வருஷம் அவசரப்பட்டு மாப்பிள்ளை பார்த்ததற்கு இப்படி ஒரு அபராதம். 2005 செப்டம்பரில் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்த வித்தியாசம் போனது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று ஒரு குழப்பம் இருந்தது. அதெல்லாம் வேண்டாம், மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதையெல்லாம்விட எனக்கு உறைத்தது வேறு. அப்பாவின் சுயார்ஜிதச் சொத்தில், அதாவது அவரே சம்பாதித்ததில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956லிருந்தே இருக்கிறது! நான் பிறப்பதற்கு முன்னாலேயே வந்த சட்டம். "பொம்பளப் புள்ளைக்கு ஏது பங்கு" என்று எங்கள் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து அடித்துப் பேசியபோதெல்லாம் அது அமலில்தான் இருந்தது. நாங்கள்தான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்புறம் ஏன் அக்கா தங்கச்சிகள் கேட்பதில்லை? கேட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் ஒருத்தி கேட்டாள். அண்ணன்மார் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவள் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. தட்டு இல்லாமல், மாலை போட ஆள் இல்லாமல் சபையில் அந்தப் பெண் நின்றதைப் பற்றி ஊரே இன்னும் பேசுகிறது. பங்கு கொடுக்காத வீடுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேரளத்தில் மேரி ராய் அண்ணன் தம்பி உறவைப் பார்க்காமல், அப்பா சொத்தில் சம பங்கு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார், 1986இல் ஜெயித்தார், சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் எல்லாருக்கும் அதனால் வழி பிறந்தது. எல்லாரும் மேரி ராய் ஆக முடியாது. என் அக்காவுக்கு நாற்பது செண்டைவிட, பொங்கலுக்குத் தம்பி படி கொண்டு வருவானா என்பது பெரிது. அது அவளுக்குப் பெரிது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சேலையோடு போய் நின்றேன். பத்திரத்தில் எழுதியிருந்ததே, அன்பு, பிரியம் என்று, அந்த ஒரு வரி பொய்யில்லை. அதன் மேல் கணக்குப் போட்டவன் நான்.

சரி, உயிலுக்கு வருகிறேன். இந்த வீடு என் சம்பாத்தியம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், எந்தச் சட்டமும் என்னைக் கேட்காது. இன்றைக்கு நம்மைப் போன்ற படித்த அப்பாக்களுக்கு இதுதான் வசதியாக இருக்கிறது. பூர்வீகத்தில் மகளைத் தள்ள முடியாது என்றானதும், உயில், செட்டில்மெண்ட் என்று உயிரோடு இருக்கும்போதே மகன் பேருக்கு எழுதிவிடுகிறோம். முன்பு கையெழுத்து வாங்கவாவது பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம். என் தாளில் நான் எழுதியிருந்தது அதைத்தான். "பையன்தான் கடைசி காலத்துல பாக்கணும்" என்று ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். போன வருஷம் எனக்கு ஸ்டெண்ட் வைத்தபோது ஐந்து நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்திருந்தவள் மகள். பையனைக் குறை சொல்லவில்லை, அவனுக்குப் பரீட்சை. ஆனால் யார் பார்ப்பார்கள் என்பதை வைத்துத்தான் எழுத வேண்டும் என்றால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். சமமாக எழுதப் போகிறேன். பையனிடம் சொன்னேன். "சரிப்பா" என்றான், மொபைலை விட்டுத் தலையைத் தூக்காமல். இவ்வளவு லேசாக முடிந்தது எனக்கே ஆச்சரியம்.

லேசாக முடியாதது ஊர் வீட்டு விஷயம். அது இன்னும் என் பேரிலும் தம்பி பேரிலும் பொதுவில் இருக்கிறது. என் பாதியில் பாதியை அக்காவுக்கும் தங்கச்சிக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், வயல் விற்றதில் அவர்களுக்குச் சேர வேண்டியதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். "இப்ப எதுக்குண்ணே இதெல்லாம்? என்னை ஊர்ல கெட்டவனாக்கவா?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, நான் நல்லவனாக ஆனால் அவன் என்னவாக ஆவான்? வொர்க்‌ஷாப் இப்போது சரியாக ஓடவில்லை. இரண்டு மாசமாகப் போன் இல்லை. தம்பி பெண்டாட்டி மட்டும் என் மனைவிக்குக் காலை வணக்கம் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

தங்கச்சியிடம் சொன்னபோது அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குடுண்ணே, வாங்கிக்கிடுதேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "வேண்டாம்ணே, நீ கேட்டதே போதும்" என்று சொல்லுவாள் என்று உள்ளுக்குள் எங்கேயோ எதிர்பார்த்திருக்கிறேன். பதினைந்து வருஷம் கழித்தும் புத்தி போகவில்லை.

அக்காவைப் பார்க்க நேரில் போனேன். வாடகை வீடு, முன்னறையில் தையல் மெஷின். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "அந்த அரிசியவே மூணு வருசத்துல நிப்பாட்டிட்டியேல" என்றாள். திட்டுகிற குரலில் இல்லை. அப்புறம் டீ போட்டாள். பேத்தி படிப்பைப் பற்றிப் பேசினாள். சொத்துப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எப்படி எடுப்பது என்று தெரியாமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் எழுத்தரைப் போய்ப் பார்த்தேன். பழையவர் இல்லை, அவர் மகன். செட்டில்மெண்ட் என்றதும் "பையன் பேருக்கா சார்?" என்றான். அக்கா, தங்கச்சி என்றேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டான். முகூர்த்த நாள் என்பதால் டோக்கனுக்குக் கூட்டமாம், வருகிற புதன்கிழமைக்குக் கிடைத்திருக்கிறது.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இந்தத் தடவை அத்தானுக்குப் போடவில்லை. ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்கு வந்துவிடு என்றேன்.

"வாரேன். என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல வாசிச்சுக் காட்டச் சொல்லு" என்றாள்.