எழுதினதைப் படிச்சுக் காட்டாம கையெழுத்துக் கேட்காதீங்க

கிராம சபையில கேள்வி கேட்ட ஒரு அக்காகிட்ட இருந்து மைக்கைப் பிடுங்குற அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. ஊர்ப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த அக்கா நாளைக்கும் அதே ஊர்லதான் இருந்தாகணும். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "போன கிராம சபையில நாங்க சொன்னதை நோட்டுல எழுதுனீங்களா? எழுதியிருந்தா படிச்சுக் காட்டுங்க." அதுக்கு மைக்கைப் பிடுங்கிட்டாங்க. அடுத்த ரெண்டு நிமிஷத்துல நன்றியுரை.

மைக்கைப் பிடுங்கினவர் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட, அந்த வீடியோவுக்குக் கீழே வந்த கமெண்ட்களைப் பார்த்து வந்த கோபம் பெரிசு. "வருஷத்துக்கு ஆறு தடவை கூப்பிடுறாங்க, ஜனங்களுக்குத்தான் அக்கறை இல்லை." "வந்தாலும் பேசத் தெரியாது." படிச்சவங்க, நல்லா எழுதுறவங்க போட்ட கமெண்ட் இதெல்லாம். மனசு விட்டுப் போச்சு.

அக்கறை இல்லாதவரா அவர்? இருக்கிறதிலேயே சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான். கிராம சபை கெட்டுப் போகிற இடம் தீர்மானம் எழுதுகிற அந்த நோட்டு. ஜனம் வராததால் அது தோற்கவில்லை. வந்த ஜனம் சொன்னது எழுத்தில் ஏறாததால்தான் தோற்கிறது.

நடக்கிற விதத்தைச் சொல்றேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காலை 11 மணி. பந்தல் வாசலில் ஒரு மேஜை, அதன் மேல் நீளமான ஒரு பதிவேடு. உள்ளே நுழையும்போதே கையெழுத்து, கையெழுத்துத் தெரியாதவங்களுக்குக் கைநாட்டு. அந்த நேரத்தில் ஒரு தீர்மானம்கூட எழுதப்பட்டிருக்காது. பொருள் பட்டியல் மேலிருந்து அச்சடித்து வந்திருக்கும். அதைக் கடகடவென்று வாசிப்பாங்க. நடுவில் நாலு பேர் எழுந்து தண்ணி, லைட்டு, சாக்கடை என்று சொல்வாங்க. "சரி, எழுதிக்கிறோம்" என்று பதில் வரும். தீர்மானம் எழுதப்படுவது சாயங்காலம், ஆபீஸில். "மேற்படி பொருள் சபையில் விவாதிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது." அதற்குச் சம்மதம் சொல்லி, காலையிலேயே போட்ட நூறு கையெழுத்து இருக்கும்.

வருகைக்குப் போட்ட கையெழுத்து சம்மதக் கையெழுத்தாக மாறிவிடுகிறது. இதைத்தான் மாற்றச் சொல்கிறேன். தீர்மானத்தை அங்கேயே எழுதணும், மைக்கில் படிக்கணும், அப்புறம் அதன் கீழே கையெழுத்து வாங்கணும்.

குறைந்தபட்ச வருகைக் கணக்கு தெரியாதவங்களுக்கு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை எட்டத்தான் பல ஊர்களில் நூறு நாள் வேலை செய்கிற பெண்களை வரச் சொல்லி நிறுத்துகிறார்கள். கையெழுத்துப் போட்டதும் அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. அப்படி வெயிலில் உட்கார வைக்கப்பட்ட ஒருத்தர் ஒருநாள் எழுந்து கேள்வி கேட்டால் அவருக்குப் பேசத் தெரியாதாம்.

சரி, நோட்டில் ஏறினால் மட்டும் போதுமா? போதாது, எப்படி ஏறுகிறது என்பதும் முக்கியம். "ஊராட்சியில் குடிநீர் வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து எந்த இன்ஜினியரும் எஸ்டிமேட் போட முடியாது. எந்தத் தெரு, எந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற லைன், எத்தனை மீட்டருக்குக் குழாய் இல்லை, கடைசி முனையில் எத்தனை வீடு, கோளாறு தண்ணியிலா மோட்டாரிலா வால்விலா, இவ்வளவும் வரணும். கட்டடம், சுடுகாட்டுப் பாதை மாதிரி நிலம் சம்பந்தப்பட்டது என்றால் சர்வே எண்ணும், அது நத்தமா (குடியிருப்பு நிலம்) புறம்போக்கா (அரசு நிலம்) என்பதும் வேணும். இல்லாவிட்டால் ஃபைல் வருவாய்த்துறைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

எந்த நிதியில் என்று கேட்கப் பழகணும். மத்திய அரசு வழியாக ஊராட்சிகளுக்கு 2026 மார்ச் வரைக்கும் என்று ஒதுக்கிய 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப் போடப்பட்டது. அந்தப் பணத்தில் தார் ரோடு கேட்டால் நியாயமாகவே முடியாது என்பார்கள். ஆனால் குழாய் கேட்டு "நிதி இல்லை" என்றால் "குடிநீருக்கு வந்த தொகை எவ்வளவு, என்ன செலவானது" என்று அங்கேயே கேட்கலாம். வரவு செலவுச் சுருக்கத்தைப் பேனராக வைக்கணும் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் உத்தரவு வருகிறது. அந்தப் பேனரைப் போட்டோ எடுங்க. ஊராட்சியின் ஆண்டுத் திட்டம் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் இருக்கும். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாமல் ரெண்டு பிரதியில் மனுவாக எழுதிக் கொடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்க. தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தரணும். "இன்ன தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டின் அனைத்துப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்க. "என்ன தீர்மானம் போட்டீர்கள்" என்று கேட்டால் ரெண்டு வரியில் ஏதாவது எழுதி அனுப்பிவிடுவார்கள்.

"தீர்மானம் போட்டு என்ன கிழிக்கப் போறீங்க" என்று கேட்கிறவர்களுக்கு: மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பாருங்க. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு அறிவிப்பு வந்த அதே மாதம் 23-ஆம் தேதி, அந்தப் பகுதி ஊராட்சிகள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. போராட்டம், ஊர்வலம் எல்லாம் சேர்ந்துதான் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரங்க கையில் முதலில் இருந்த காகிதம் கிராம சபைத் தீர்மானம். ஒடிசாவில் நியம்கிரி மலை பாக்சைட் சுரங்கத்திலிருந்து தப்பியதும் 2013-ல் 12 கிராம சபைகள் வேண்டாம் என்று சொன்னதால்தான், அவர்களைக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பரந்தூர் விமான நிலைய விஷயத்தில் ஏகனாபுரம் கிராமம் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டும் அரசு இறங்கி வரவில்லையே என்பீர்கள். உண்மைதான். அதில் எனக்கும் வருத்தம்தான்.

"எல்லாரையும் பேசவிட்டா சாயங்காலம் ஆயிடும்." ஆகட்டுமே. ஒரு ஊருக்கு வருஷத்தில் ஆறு நாள் கொடுக்க முடியாதா?

"அதிகாரிகளும் மனுஷங்கதானே, எத்தனை ஊருக்கு ஓடுவாங்க" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். இதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த நியாயம் யாரைக் குற்றம் சொல்கிறது என்று பாருங்க. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்கு, அதாவது ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் கைக்குப் போனது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சி, 388 ஒன்றியம். ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சி. எல்லாவற்றிலும் கிராம சபை ஒரே நாள், ஒரே 11 மணி. ஒரு அலுவலர் எத்தனை பந்தலில் உட்கார முடியும்? அப்போ ஜனம் கேள்வி கேட்பது யாரிடம்? தேர்தலில் நிற்காத, ஓட்டுக் கேட்டு வராத ஒருத்தரிடம். 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரைக்கும் இதே கதைதான். அப்பவும் நாம் யாரும் பெரிசாகக் கேட்கவில்லை, இந்தத் தடவையும் அப்படியேதான்.

இன்னொன்றும் சொல்லியாகணும், இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கூட்டத்தை ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்தணும் என்பது விதி. எத்தனை ஊரில் காலனிக்குள், அதாவது தலித் மக்கள் குடியிருப்புக்குள், கிராம சபை நடந்திருக்கிறது? ஊர்த்தெருவில் பந்தல் போட்டால் காலனி ஜனம் ஓரமாக நின்றுவிட்டுப் போகும். அதைப் பார்த்துட்டு "அவங்க பேசறதில்லை" என்று முடிவு கட்டுவோம். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-லிருந்து பத்து வருஷம் தலித் ஒருத்தரைத் தலைவராக உட்காரவிடாத மண் இது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராக ஜெயித்து வந்த பெண்ணையே தரையில் உட்கார வைத்த படத்தை எல்லாரும் பார்த்தோம். தலைவருக்கே அந்தக் கதி என்றால், காலனியிலிருந்து வந்து மைக் முன்னால் நிற்கிற ஒரு சாதாரணப் பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்? அந்த நெஞ்சுரத்தோடு எழுந்தவரைத்தான் "பேசத் தெரியாது" என்று எழுதினீர்கள்.

அவர் கேட்ட நோட்டு இன்னும் படிக்கப்படவில்லை. அந்த ஊர் ஆட்கள் இதைப் படித்தால் அந்தத் தேதியைப் போட்டு நகல் கேட்டு ஒரு மனு அனுப்புங்க. அவர் ஒருத்தர் பெயரில் மட்டும் வேண்டாம், ஆளுக்கொன்றாகப் பத்துப் பேர் அனுப்புங்க. அடுத்த கூட்டத்தில் அந்த வாசல் மேஜையில் கையெழுத்துக் கேட்கும்போது, "இது வருகைக்கு மட்டும்" என்று பக்கத்தின் தலைப்பில் எழுதச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்க.